தோற்றவர்கள் மண் அள்ளும் மைதானம்

நண்பர் ஒருவர் கேட்டது இது: "ஆகஸ்ட் மாதம் ஒசாகா போகிறேன். ஹான்ஷின் டைகர்ஸ் அணியின் கோஷியென் ஸ்டேடியத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம் என்று அட்டவணையைத் திறந்தால், அந்த மாதம் பெரும்பாலும் அங்கே டைகர்ஸே இல்லை. பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுகிறார்கள். தோற்ற பையன்கள் அழுதுகொண்டே மண்டியிட்டு மண்ணைப் பையில் அள்ளும் வீடியோ வேறு கண்ணில் பட்டது. இது தொழில்முறை அணியின் மைதானமா, பள்ளி மைதானமா? அந்த மண்ணில் அப்படி என்ன இருக்கிறது? போனால் எதைப் பார்க்க வேண்டும்?"

கோபேயில் சில வருஷம் இருந்தவன் நான். இந்த மைதானத்துக்கு ரயிலில் போய்வந்த கணக்கு எனக்கே மறந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும்தான். ஆனால் மூத்தவர்கள் பையன்கள். மைதானம் திறந்தது 1924 ஆகஸ்ட் 1. டைகர்ஸ் அணி பிறந்தது 1935 கடைசியில். தொழில்முறை அணி தனக்காகக் கட்டிக்கொண்ட ஸ்டேடியத்தைப் பெரிய மனசு பண்ணிப் பள்ளிகளுக்குக் கொடுக்கவில்லை. பள்ளிப் போட்டிக்காகக் கட்டிய இடத்துக்குப் பின்னால் குடிவந்த அணிதான் டைகர்ஸ். இதைப் புரிந்துகொண்டால் ஆகஸ்ட் மாதக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். கோடையில் பையன்கள் வந்தால் டைகர்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பிவிடும். அந்தப் பயணத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சாவுப் பயணம்'. ஒரு காலத்தில் வாரக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து, வெயிலில் வாடி, வரிசையாகத் தோற்றுவிட்டு வருவார்கள். 1997-ல் ஒசாகாவில் கூரை மூடிய டோம் ஸ்டேடியம் வந்தபின் சில ஆட்டங்களை அங்கே 'சொந்த ஊர்' ஆட்டமாக ஆடிக்கொள்கிறார்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் ஒரு ரயில் கம்பெனியின் வேலை. ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டும் ஹான்ஷின் நிறுவனம்தான் அது. ஒசாகா என்ற பெயரின் கடைசி எழுத்தையும் கோபேயின் முதல் எழுத்தையும் சேர்த்து வேறு உச்சரிப்பில் படித்தால் 'ஹான்ஷின்'. ரயிலில் கூட்டம் ஏற வேண்டுமானால் வழியில் எதையாவது கட்ட வேண்டும். ஜப்பானில் தனியார் ரயில் கம்பெனிகள் கடை, பூங்கா, குடியிருப்பு, பேஸ்பால் அணி என்று எல்லாவற்றிலும் இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

பள்ளிகளுக்கான தேசியப் போட்டி 1915-ல் ஆரம்பித்தது. சில வருஷம் பக்கத்தில் நருஓ என்ற இடத்தில் நடந்தது. 1923-ல் அங்கே கூட்டம் கயிற்றைத் தாண்டி ஆடுகளத்துக்குள் வழிந்து, ஆட்டத்தையே நிறுத்தவேண்டி வந்தது. இனி பெரிய மைதானம் இல்லாமல் ஆகாது என்று முடிவானது. ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவே உள்ள நிஷினோமியா நகரத்துப் பக்கம் முகோ ஆற்றைச் சீரமைத்தபோது மூடப்பட்ட ஒரு கிளையாற்றின் படுகை ஹான்ஷின் கையில் இருந்தது. அந்த மணல்வெளியில் 1924 மார்ச்சில் வேலை தொடங்கி, ஜூலைக்குள் முடித்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வடிவமைத்த நோதா செய்ஸோ அப்போது முப்பது வயதைத் தொடாத இளம் பொறியாளர். பின்னாளில் அதே கம்பெனிக்குத் தலைவரானார். நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் ஸ்டேடியத்தின் வரைபடத்தை மாதிரியாக வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இவ்வளவு பெரிய இடம் எந்தக் காலத்தில் நிரம்பும் என்று கம்பெனிக்காரர்களுக்கே பயம் இருந்தது. அந்தக் கோடைப் போட்டியின் நாலாம் நாளே நிரம்பி வழிந்தது.

பெயரும் சுவாரசியமானது. சீன நாட்காட்டியில் நம்முடையதைப் போலவே அறுபது வருஷச் சுழற்சி உண்டு. நமக்குப் பிரபவ எப்படியோ, அவர்களுக்குச் சுழற்சியின் முதல் வருஷம் 'கோஷி'. 1924 அந்த முதல் வருஷம். 'என்' என்றால் தோட்டம், பூங்கா. இரண்டும் சேர்ந்து கோஷியென். (நமக்கும் அவர்களுக்கும் மூன்று வருஷம் இடிக்கிறது. அவர்களுக்கு அடுத்த முதல் வருஷம் 1984-ல் வந்தது, நமக்குப் பிரபவ 1987-ல்.) அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் நல்ல தொடக்கம் என்று பார்த்து வைத்த பெயர்.

சரி, மண்ணுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் இதுதான் விஷயம்.

பேஸ்பால் களத்தில், அடித்தவர் ஓடித் தொட வேண்டிய நாலு 'பேஸ்' உள்ள உள்களம், அதற்கு அப்பால் வெளிக்களம் என்று இரண்டு பகுதி. அமெரிக்காவில் பெரும்பாலும் உள்களத்திலும் புல் இருக்கும், ஓடும் பாதை மட்டும் மண். ஜப்பானில் பல ஸ்டேடியங்கள் செயற்கைப் புல் போட்டுவிட்டன. தொழில்முறை லீக்கின் 12 அணிகளுடைய சொந்த மைதானங்களில், உள்களம் முழுக்க வெறும் மண்ணாக இருப்பது கோஷியென் ஒன்றுதான். வெளிக்களத்தில் இயற்கைப் புல்.

அந்த மண் கிட்டத்தட்டக் கறுப்பு நிறம். ஆற்றுப் படுகையின் சொந்த மணல் வெளுப்பு. வெள்ளை மணலில் வெள்ளைப் பந்து உருண்டால் யாருக்குத் தெரியும்? அதனால் ஆரம்பத்திலேயே கோபே பக்கத்துக் கறுப்பு மண்ணையும் அவாஜித் தீவின் மண்ணையும் கொண்டுவந்து கலந்தார்கள். இன்றைக்கும் அது கறுப்பு மண்ணும் மணலும் சேர்ந்த கலவைதான். கலவை விகிதம் வருஷம் முழுக்க ஒன்றாக இருக்காது. வசந்தகாலத்தில் மழை அதிகம், ஆகவே தண்ணீர் வடிய மணலைக் கூட்டுவார்கள். கோடையில் வெயில் கண்ணைக் கூசும், ஆகவே பந்து தெரியக் கறுப்பு மண்ணைக் கூட்டுவார்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் பிட்ச் தயாரிக்கிறவரின் கைராசி தெரியும். அங்கே 22 கஜத்துக்குச் செய்கிறதை இங்கே உள்களம் முழுக்கச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைப் பார்ப்பது ஹான்ஷின் எங்கேய் என்ற தோட்டக்கலை நிறுவனம். ஒவ்வொரு வருஷமும் ஆட்டம் இல்லாத ஜனவரியில் உள்களத்தை ஒரு முழம் தோண்டாவிட்டாலும் அரை முழத்துக்குக் குறையாமல் கிளறி, கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து, நம் ஊரில் நடவுக்கு முன் வயலை உழுகிற மாதிரி புரட்டிப் போடுவார்கள். அப்புறம் மழையில் நனைய விட்டு, காய விட்டு, உருளை ஓட்டி இறுக்குவார்கள். அடியில் ஈரம் பிடித்து, மேலே பந்து ஒரே சீராக எழும்புகிற பதம் வர வேண்டும். அவசரப்பட்டால் வராது. பந்து எறியும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து நாலா பக்கமும் கண்ணுக்குத் தெரியாத சரிவு இருக்கும், தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு.

2017 அக்டோபரில் இந்த ஆட்கள் நாடு முழுக்கப் பேசப்பட்டார்கள். டைகர்ஸும் யோகோஹாமா அணியும் மோதிய பிளேஆஃப் ஆட்டம் கொட்டும் மழையில் நடந்தது. உள்களம் நடவு வயலாகி, பந்து உருளாமல் சேற்றில் அப்படியே நின்றது. ஆட்டக்காரர்கள் வழுக்கி விழுந்தார்கள். ஆட்டம் நடக்கும்போதே பணியாளர்கள் மண் மூட்டையோடு ஓடி ஓடிக் கொட்டினார்கள். அன்றைக்கு டைகர்ஸ் 6-13 என்று தோற்றது. அதைவிட, இரண்டு நாளில் அதே களத்தில் அடுத்த ஆட்டம் நடந்ததைத்தான் ஜனங்கள் பெரிதாகப் பேசினார்கள். மைதானம் பெருக்குகிறவர்களுக்கு ரசிகர்கள் இருக்கும் ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நீங்கள் போனால் தவறாமல் பார்க்க வேண்டிய காட்சி, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தண்ணீர் தெளிப்பது. முதலில் சிறு வண்டி ஒன்று வட்டமடித்து மண்ணை வாரிச் சமன் செய்யும். பிறகு தடித்த குழாயை ஏழெட்டுப் பேர் தோளிலும் கையிலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாரிய மண்ணில் குழாய் உரசினால் தடம் விழுந்துவிடும், அதனால் யாரும் இழுக்க மாட்டார்கள். முன்னால் நிற்பவர் குழாய் முனையை மேல்நோக்கிப் பிடித்து மெதுவாக இடமும் வலமும் ஆட்டுவார். தண்ணீர் அம்பாகப் பாயாமல், விசிறியாக உயர்ந்து, தூறலாக இறங்கும். வெயில் சாய்வாக இருந்தால் அதில் வானவில் தெரியும். வெளுத்துப் போயிருந்த தரை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வரும். கேலரியில் கைதட்டுகிறவர்களும் உண்டு. எவ்வளவு தண்ணீர் என்பதை அந்த நிமிஷத்து வெயிலையும் காற்றையும் பார்த்துக் கையால் முடிவு செய்கிறார்கள்.

தோற்ற பையன்கள் மண் அள்ளும் வழக்கம் எப்போது வந்தது என்பதற்குப் பல கதை சொல்வார்கள். 1937-ல் ஒருவர், 1949-ல் ஒருவர் என்று பெயரோடு சொல்வார்கள். எது முதல் என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 1958-ல் நடந்தது. அப்போது ஒகினாவா தீவுகள் அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தன. அங்கிருந்து முதன்முதலாகக் கோஷியென் வந்த பள்ளி ஷூரி. முதல் ஆட்டத்திலேயே தோற்றது. பையன்கள் வழக்கப்படி மண்ணை அள்ளிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். ஊர் திரும்பியதும் அதிகாரிகள் தடுத்தார்கள். சட்டப்படி ஒகினாவாவுக்கு அது வெளிநாட்டு மண், தாவர நோய்த் தடுப்பு விதியின்படி உள்ளே விடமுடியாது என்றார்கள். மண் துறைமுகத்துக் கடலில் கொட்டப்பட்டது. செய்தியைப் படித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மண்ணுக்குத்தானே தடை, கல்லுக்கு இல்லையே? கோஷியெனிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி அனுப்பிவைத்தார்கள். அந்தக் கற்கள் ஷூரி பள்ளியின் நினைவுச் சின்னத்தில் பதிக்கப்பட்டு இன்றும் இருக்கின்றன.

2020-ல் கொரோனாவால் போட்டியே ரத்தானது. கடைசி வருஷப் பையன்களுக்கு இனி வாய்ப்பே இல்லை. டைகர்ஸும் ஸ்டேடியமும் சேர்ந்து, கோஷியென் மண் அடைத்த சிறு சாவிக்கொத்துகளை நாடு முழுக்கப் பள்ளி பேஸ்பால் குழுக்களில் இருந்த மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் மாநில அளவில் மோதினாலும், சாதாரணமாகக் கோடையில் கோஷியென் வருபவை 49 பள்ளிகள்தான். ஆக, மற்ற வருஷங்களில் இந்த மண்ணைத் தொடவே முடியாத பையன்களுக்கும் அந்த வருஷம் மண் கிடைத்தது. இது என் கணக்கு, அவர்கள் அப்படி நினைத்தார்களா தெரியாது.

மண்ணை விட்டு மேலே பார்ப்போம். களத்தின் அளவு: இரண்டு ஓரக் கோடுகளிலும் வேலி 95 மீட்டரில், நட்டநடுவில் 118 மீட்டரில். ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பகுதியும் 118 வரை உப்பிக்கொண்டு போகும். அதனால் நன்றாக அடித்த பந்துகூட அங்கே பல தடவை கைக்குள் விழும். போதாததற்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது. 'ஹமகாஸே' என்ற கடற்காற்று பெரும்பாலும் வலது வெளிக்களத்திலிருந்து இடதுபக்கமாக வீசும். இடதுகைப் பேட்டர் வலதுபக்கம் தூக்கி அடித்தால் காற்று திருப்பி அனுப்பிவிடும். டைகர்ஸுக்கு ஆடிய அமெரிக்கர் ராண்டி பாஸ் இடதுகைக்காரர். காற்றோடு மல்லுக்கட்டாமல் எதிர்ப்பக்கம் அடிக்கப் பழகி, 1985-ல் 54 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடிப்பது) அடித்தார். அந்த வருஷம்தான் டைகர்ஸ் முதன்முதலாக ஜப்பான் சாம்பியன் ஆனது. அடுத்தது 2023-ல். நடுவில் 38 வருஷம் காத்திருந்த ரசிகர்களோடு உட்காரப் போகிறீர்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

களம் பெரிதாக இருந்ததால் ஹோம் ரன் வரட்டும் என்று 1947-ல் வெளிக்களத்துக்கு உள்ளேயே ஒரு குட்டை வேலி போட்டார்கள். 'லக்கி ஸோன்' என்று பெயர். 1991 கடைசியில் எடுத்துவிட்டார்கள்.

கேலரிகளுக்கு ஊர் வைத்த பெயர்கள் அழகு. உள்களத்தை ஒட்டிய கேலரிக்கும் வெளிக்களக் கேலரிக்கும் நடுவே, 1929-ல் செங்குத்தாக எழுப்பியது 'ஆல்ப்ஸ்'. வெள்ளைச் சட்டைக் கூட்டம் பனிமலை மாதிரி தெரிந்ததால் வந்த பெயர் என்பார்கள். பள்ளிகளின் பேண்டு வாத்தியக் குழுவும் மாணவர் கூட்டமும் உட்காருவது இங்கேதான். டிரம்பெட் சத்தம் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை ஓயாது. உள்களக் கேலரிக்கு மேலே உள்ள கூரைக்கு 'வெள்ளிக் குடை' என்று பெயர். முதலில் இரும்புக் குடைதான். 1943-ல் போருக்கு உலோகம் வேண்டும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். களத்தில் கிழங்கு பயிரிட்ட காலமும் உண்டு. 1951-ல் அலுமினியக் கலவைத் தகட்டில் திரும்பக் கட்டினார்கள், அப்போதுதான் அது வெள்ளியானது. இப்போதிருக்கும் கூரை 2007 முதல் 2010 வரை நடந்த புதுப்பிப்பில் வந்தது. அதில் விழும் மழைநீரைச் சேர்த்து மைதானத்துக்கும் கழிப்பறைக்கும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் புதுப்பிப்பையே ஆட்டம் இல்லாத குளிர்கால மாதங்களில் மட்டும் துண்டு துண்டாகச் செய்தார்கள், ஒரு பள்ளிப் போட்டியும் இடம் மாறக்கூடாது என்பதற்காக. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தில் கேலரிகளில் விரிசல் விட்டபோதும், சரிசெய்து, பள்ளிகளுக்கு வருஷாவருஷம் நடக்கும் இன்னொரு போட்டியான மார்ச் மாத வசந்தப் போட்டியை அங்கேயே நடத்தினார்கள்.

வெளிச்சுவரில் படர்ந்திருக்கும் கொடிக்கும் ஒரு கதை உண்டு. திறந்த வருஷமே, மொட்டைக் கான்கிரீட் சுவரை மறைக்க நட்டது. 2000-ல் அதன் கன்றுகளை 4,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். சில வருஷத்தில் புதுப்பிப்புக்காகத் தாய்க்கொடியை வெட்டவேண்டி வந்தது. 2008-ல், நன்றாக வளர்ந்திருந்த பள்ளிகளிலிருந்து கன்று வாங்கிவந்து திரும்ப நட்டார்கள். இன்று சுவரில் இருப்பது பிறந்த வீடு திரும்பிய கொடி.

ஸ்கோர்போர்டைச் சும்மா கடந்துவிடாதீர்கள். 1983 வரை பலகையில் தூரிகையால் பெயர் எழுதி மாட்டினார்கள். மழை வந்தால் மை வழியும். 1984-ல் மின்திரை வந்தபோது, எழுதியவர்களின் கையெழுத்து வடிவத்தையே மாதிரியாக வைத்து எழுத்துரு செய்தார்கள். விளக்குகளும் அப்படித்தான். 2022-ல் எல்.இ.டி. ஆக்கியபோது, பழைய விளக்குகளின் கலப்பு நிறம் மாறாமல் வரும்படி பார்த்துக்கொண்டார்கள்.

சாப்பாடு: திறந்த வருஷத்திலிருந்தே விற்கும் 'கோஷியென் கறி' சாதம். நம் குழம்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இனிப்பும் கெட்டியுமாக இருக்கும். ஆனால் வெயிலில் பசியோடு உட்கார்ந்தவனுக்கு அது தேவாமிர்தம். டைகர்ஸ் ஆட்டம் என்றால் முதுகில் பீர் பீப்பாயைக் கட்டிக்கொண்டு படி ஏறி இறங்கும் பெண்களைப் பார்ப்பீர்கள், கையைத் தூக்கினால் போதும். ஏழாவது இன்னிங்ஸில் ஆயிரக்கணக்கான நீளப் பலூன்கள் விசிலடித்துக்கொண்டு பறக்கும் வழக்கம் 2020-ல் நின்றது. வாயால் ஊதாமல் பம்பால் காற்றடிக்கும் விதத்தில் பிறகு திரும்பிவந்திருக்கிறது, எல்லா நாளும் கிடையாது. வலது வெளிக்களக் கேலரி டைகர்ஸ் வெறியர்களின் கோட்டை. எதிரணிச் சட்டையோடு அங்கே போய் உட்காராதீர்கள், உட்கார விடவும் மாட்டார்கள்.

போகும் வழி சுலபம். ஒசாகா உமேதாவில் ஹான்ஷின் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் கோஷியென் நிலையம். இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் எதிரே ஸ்டேடியம். உள்ளேயே வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. 1934-ல் இங்கே வந்து ஆடிய அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தின் புடைப்புச் சிற்பமும் உண்டு.

நீங்கள் போவது ஆகஸ்டில், ஆகவே பள்ளிப் போட்டியையே பாருங்கள் என்பேன். வெளிக்களக் கேலரி 2018-க்கு முன்புவரை இலவசம், இப்போது டிக்கெட் முன்கூட்டி வாங்க வேண்டும். சூடு கடுமை. 2024-லிருந்து சில நாட்களில் காலை, மாலை என்று பிரித்து நடத்துகிறார்கள். தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள், குடை விரித்தால் பின்னால் இருப்பவர் சத்தம் போடுவார்.

ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். சைரன் ஊதும். இரண்டு அணியும் எதிரெதிரே நின்று தலைகுனிந்து வணங்கும். ஜெயித்த பள்ளியின் பாட்டு ஒலிக்கும். தோற்றவர்கள் தங்கள் டக்அவுட் முன்னால் வரிசையாக நின்று அதைக் கேட்பார்கள். பிறகு கேலரியில் இருக்கும் தங்கள் ஊர்க்காரர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, டக்அவுட் முன்னால் மண்டியிடுவார்கள். மண்ணைப் போட்டுக்கொள்வது பெரும்பாலும் ஷூ வைக்கும் துணிப்பையில்தான். சிலர் இரண்டு கையாலும் வாரிப் போடுவார்கள். அடுத்த வருஷமும் வரப்போகிறோம் என்ற நம்பிக்கையில் தொடாமல் போகிற இளையவர்களும் உண்டு. அதற்குள் அடுத்த பள்ளி வந்து நின்றுவிடும். பையன்கள் எழுந்து போன இடத்தில் சின்னச் சின்னக் குழிகள். பணியாளர் ஒருவர் புது மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, பலகையால் தட்டிச் சமன் செய்வார். பின்னாலேயே குழாயைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் வருவார்கள்.